சோப்பில் ஒட்டிய கடல்

எஸ்பெரன்ஸுக்குத் தெற்கே, காற்று கொஞ்சம் அசந்த காலை.
ஜோர்கா விடுலிச் ஈயக்குண்டின் அடிக்குழியில்
துணி சோப்பை அழுத்தி அடைக்கிறாள்,
சொத்தைப் பல்லுக்குப் பூச்சு வைப்பவள் போல.
பத்தொன்பது மீட்டர். தட்.
இழுத்தெடுத்து மூக்கருகே கொண்டுபோகிறாள்.
இளஞ்சிவப்புப் பொடி, ஒரு மைக்கா மினுக்கு.
"கருங்கல்தான், நிறத்தைப் பார்க்காதே.
வழுக்கை மண்டை."

இருநூறு மீட்டர் தள்ளி மறுபடியும்.
அதே ஆழம், அதே அலை, அதே குளிர்.
சோப்பில் இம்முறை வெள்ளைத் தூள்,
உடைந்த சிப்பியின் சில்லு.
"சுண்ணாம்பு. இறங்கு."

நான் எண்ணுகிறவன்.
ஐம்பது மீட்டர் நாடா, பென்சில், பிளாஸ்டிக் பலகை.

கருங்கல் மேல் மீன்கள் பேருந்து நிலையத்து ஆட்கள்:
வரும், நிற்கும், போகும்.
வளைந்த முதுகில் ஒளிய ஒரு மடிப்பில்லை.
உருண்டு கிடக்கும் இரண்டு பாறைகளின் இடுக்கில்
நீலக் குரோப்பர் ஒன்று மட்டும் குடித்தனம்.

சுண்ணாம்பிலோ அறைக்குள் அறை.
அது ஒரு காலத்து மணல்மேடு.
இறுகிக் கல்லாகி, மழையில் கரைந்து ஓட்டையாகி,
பிறகுதான் கடல் வந்து கதவைத் தட்டியது.
டார்ச் அடித்தால்
உத்தரத்தின் கீழே அசையாமல்
பெரிய கண்ணும் செம்பு உடம்புமாய் ஒரு கூட்டம்.
களவா தன் வாசலில் நின்று என் கண்ணாடியை முறைக்கிறது.
உள்ளிருந்து மீசை மட்டும் நீட்டுகிறது கல் இறால்.

கல் இறால் என்று பெயர் வைத்தவர்
எந்தக் கல் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஜூனில் வரைபடம் வந்தது.
பாதுகாப்புப் பகுதி: அளவுகோல் வைத்து இழுத்த நான்கு கோடுகள்.
கருங்கல் முழுதும் உள்ளே.
சுண்ணாம்பின் நட்டநடுவே ஒரு கோடு.
என் மூன்று வருடத்து எண்ணிக்கை
பின்னிணைப்பில், சிறிய எழுத்தில்.

கூட்டத்தில் எழுந்து
சராசரி, பிழைவீச்சு என்று ஆரம்பித்தேன்.
"ஆழம் ஒன்றுதானே?" என்றார் அதிகாரி, மரியாதையாக.

ஜோர்கா எழவில்லை.
பையிலிருந்து ஈயக்குண்டை எடுத்து
வரைபடத்தின் மேல் கவிழ்த்து வைத்தாள், சோப்பு மேலே தெரிய.
"முற்றத்துக்கு வேலி போட்டிருக்கிறீர்கள்.
அடுப்படி திறந்து கிடக்கிறது."

வெளியே விடப்பட்ட அந்தப் பாதியில்
பொறி இறக்குகிறவள் அவளேதான்.
அறையில் பாதிப்பேருக்கு அது தெரியும்.
யாரோ இருமினார்கள்.

முடிவு செப்டம்பருக்குத் தள்ளிப் போனது.
கூடத்தின் குழாயடியில் சோப்பு தீர்ந்திருந்தது.
அவள் குண்டிலிருந்தே கொஞ்சம் சுரண்டினாள்,
எனக்கும் பாதி கொடுத்தாள்.
கரகரவென்றது.