ஏழாவது கேள்வி

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மாடியில்
மாசானமுத்துவிடம் நாலு பக்கப் படிவம் தந்தார்கள்.
கூட வந்தவர் என்ற கட்டத்தில்
என் பெயரை அவனே எழுதினான்.
உறவு: நண்பன்.

எத்தனை வயதில் தொடங்கியது? பத்தொன்பது.
எந்த நேரம் அதிகம்? ராத்திரி,
எல்லாரும் உறங்கின பிறகு, போர்வைக்குள்.
எவ்வளவு போயிருக்கும்?
பேனாவை நிறுத்திக் கூரையைப் பார்த்தான்.
ரூபாயில் அவனுக்குக் கணக்கு வரவில்லை.

முக்கூடலில் அவன் அம்மை பீடி சுற்றுகிறாள்.
இருபத்தைந்து ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம்.
ஆயிரம் சுற்ற ஒரு பகல், கொஞ்சம் இரவு,
கட்டைவிரல் நகத்தில் அழியாத ஒரு கோடு.
அந்த ஆயிரம் பீடி
ஒரு ஆட்டம், நாற்பது நொடி.
எட்டுக்குக் காத்திருந்தால்
ஒன்பது வந்து இளித்துவிட்டுப் போகும்.
'ஒரே ஒரு சீட்டுல போச்சுலே' என்பான் மறுநாள்,
பஸ்ஸைத் தவறவிட்டவன் குரலில்,
அடுத்த பஸ் எப்போதென்று கேட்கிறவன் போல.

முதல் வாரமே ஜெயித்துவிட்டான், பாவி.
மூவாயிரத்து எழுநூறு.
டிப்ளமா முடித்து ஒன்றரை வருஷமாக
கங்கைகொண்டான் கம்பெனி வாசல்களில்
செக்யூரிட்டி கையில் கொடுத்த பயோடேட்டா எதுவும்
ஒரு சொல் திரும்பிப் பேசியதில்லை.
இது பேசியது.
'வாழ்த்துகள் மாசானமுத்து' என்று
பெயரைப் பிழையில்லாமல் எழுதி
கையகலத் திரையில் பொன் காசு கொட்டியது.
தங்கச்சிக்குக் கொலுசு வாங்கினான்.
எனக்கு ஆலங்குளத்தில் பிரியாணி.
அப்பாவிடம் மட்டும் மூச்சுவிடவில்லை.
அவர் ஒரு காலத்தில்
கொடை முடிந்த மறுநாள் வெட்டுச்சீட்டில்
சைக்கிளை விட்டுவிட்டு நடந்து வந்தவர்.
ஊர் இன்றைக்கும் அதைச் சிரித்துத்தான் சொல்கிறது.

பிறகு அம்மையின் குழுக் கடன்.
பிறகு அதே கொலுசு.
பிறகு ஆதாரைக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில்
கடன் தருகிற ஆப்கள்.
ஏழாம் நாள் அவை
போனில் இருந்த நம்பர்களுக்கெல்லாம்
அவன் படத்தை அனுப்பின.
டியூஷன் டீச்சருக்கு, பீடிக் கடைக் கணக்கருக்கு,
பேச்சு நின்றுபோன ஒரு பெண்ணுக்கு.
எனக்கும் வந்தது.
பார்த்தேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

ஏழாவது கேள்வி:
இந்த விளையாட்டு உங்களுக்கு எப்படி அறிமுகமானது?
விளம்பரம். குடும்பத்தினர். நண்பர். பிற.
பேனா மூன்றாவது கட்டத்தின் மேல் நின்றது.

ஜங்ஷன் மேம்பாலத்துக்கடியில்
மழைக்கு ஒதுங்கி நின்றோம் அன்றைக்கு.
'டவுன்லோடு மட்டும் பண்ணுடே, வெளையாட வேண்டாம்'
என்றேன்.
ஒரு ஆளைச் சேர்த்தால் ஐம்பது ரூபாய்.
என் கோடை நானே அவன் போனில் தட்டினேன்.
மழை விடுவதற்குள் ஐம்பது வந்துவிட்டது.
பரோட்டா, சால்னா. பகிர்ந்துதான் தின்றோம்.

ஒரு மாதத்தில் நான் நிறுத்திவிட்டேன்.
சலித்துப்போனது, அவ்வளவுதான்.
என் சாமர்த்தியம் அதில் ஒன்றுமில்லை.
அவனுக்கு ஏன் சலிக்கவில்லை என்பதற்கு
படிவத்தில் கட்டம் ஏதும் இருக்கிறதா என்று
அவன் தோளுக்கு மேலாகத் தேடினேன்.

மாசானமுத்து
'விளம்பரம்' என்பதில் டிக் அடித்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
பக்கத்தைத் திருப்பினான்.

திரும்பும்போது ஜன்னல் சீட் அவனுக்கு.
சட்டைப்பையில்
அம்மை வாங்கித் தந்த பட்டன் போன்.
இன்றோடு ஒன்பது நாள்.
பேட்டை தாண்டும்போது
கம்பியில் நெற்றியைச் சாய்த்தபடி
'கேட் அடச்சிருக்குமாடே, தொறந்திருக்குமா?' என்றான்.
சும்மா கேட்டது போலத்தான் இருந்தது.
நான் வாய் திறக்கவில்லை.
எனக்குள் இருந்த ஒருவன் அதற்குள்
'அடச்சிருக்கும், நூறு ரூவா' என்று சொல்லியிருந்தான்.

பஸ் வேகம் குறைந்தது.