பொத்தான் இல்லாதது

பர்மா பஜாரில் நாலாவது கடையில்தான்
"கீதுக்கா, உள்ள வா" என்றான்.
முதல் மூன்று கடைக்காரர்களும்
போலீஸ்காரன் பொண்டாட்டியோ என்று பயந்து
ஹெட்போன் மட்டும் காட்டினார்கள்.
தடை செய்த சாமான்.
செல்போன் உறைகளுக்கு அடியில்
பிஸ்கட் டப்பாவில் இருந்தது.

"உனுக்கா?"
"வீட்டுக்காரருக்கு."
"ஒரு நாளைக்கு எத்தினி?"

நான் சட்டைகளை எண்ணினேன்.
வேதகிரி பொய் சொல்வார், சட்டை சொல்லாது.
பையோரம் ஒன்று, லுங்கியில் தொடைமேல் இரண்டு,
துறைமுக வாசலில் டிரெய்லர்
பதினாறு மணி நேரம் நின்ற நாளில்
முழங்கையில்கூட ஒரு பொத்தல்.
"முப்பது. வண்டி நின்னா நாப்பது."

"எய்ந்து எத்தினி நிமிசத்துல மொத தம்மு?"
ஸ்டான்லியில் டாக்டர் கேட்காத கேள்வி.
"எழுந்தப்புறம் இல்ல தம்பி.
பத்த வச்சிட்டுதான் எழுந்திருப்பாரு."

டாக்டர் எழுதிக்கொடுத்த சூயிங்கம்
பல்செட்டில் ஒட்டிக்கொண்டு
ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க
மனுஷன் வாயே திறக்கவில்லை.
அதற்குப் பிறகுதான் இங்கே வந்தேன்.

மூன்றை எடுத்து வைத்தான்.
ஒன்று கட்டை. சின்னத் திரையில் எண் ஓடியது,
பக்கவாட்டில் மூன்று பொத்தான்,
அஞ்சு தடவை அமுக்கினால்தான் உயிர் வருமாம்.
ஒன்று கண்ணாடிக் குழாய்,
சொட்டுச் சொட்டாக எண்ணெய் ஊற்றணும்.
ஒன்று வெறும் பேனா.
இழுத்தால் நுனியில் நீலமாய் எரியும், அவ்வளவுதான்.

எம்.சி. ரோடு கடைகளுக்கு
முப்பத்தொரு வருஷமாய்ப் பட்டன் கட்டுகிறேன்.
எந்த விரலுக்கு எது ஆகாது என்று எனக்குத் தெரியும்.
கண்டெய்னர் பூட்டில் நசுங்கிய அவர் கட்டைவிரல்
சட்டைப் பொத்தானையே பாதிவரைதான் போடும்.
மீதி நான்.
எண்ணெய் ஊற்றச் சொன்னால் லுங்கியில்தான் ஊற்றுவார்.

பேனாவைத் தொட்டேன்.
"அதான்க்கா, புச்சா பழகறவங்களுக்கு."
நாற்பத்தைந்து வருஷம் ஊதியவரைப்
புதுசு என்கிறான்.
"மாம்பயம் கீது, புதினா கீது, தர்பூசணி..."
"பொகையில வாசம் இல்லியா?"
"கீது. காட்டமா இருக்கும். இஸ்துப் பாரு."

சார்ஜர் வாங்க வந்தவன் திரும்பிப் பார்த்தான்.
முந்தானையால் வாயை மறைத்து
இழுத்தேன்.
நூல் கோத்த ஊசி ஒன்று
தொண்டைக்குள் போய்த் திரும்பியது.
இருமல். கண்ணில் தண்ணி.
பிறகு, இருமல் அடங்கின ஒரு நொடியில்
நெஞ்சுக்குள் ஒரு சின்ன இடம்,
வட்டிக்காரனும் வண்டி வரிசையும் வராத இடம்.

முப்பத்தாறு வருஷமாய்
இவர் போய்வந்த அறை இதுதானா.
ஒருநாள்கூட என்னைக் கூட்டிப்போனதில்லை.
கோபம் வந்தது.
விலையைப் பாதியாகக் கேட்டேன்.

மருந்துக்கடைக் கறுப்புக் கவரில் சுற்றிக்கொடுத்தான்.
பஸ்ஸில் அதற்குள் என்ன என்று
எவனும் கேட்கமாட்டான்.

ராத்திரி, தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு மாடிப்படியில்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
தீப்பெட்டி தேடி இடுப்பைத் தடவினார்.
"பத்த வைக்க வேணாம்."
"இன்னாடி, சும்மாவே எரியுமா?"
எரிந்தது.
இரண்டு விரலால் சாம்பலைத் தட்டினார்.
ஒன்றும் விழவில்லை.
குனிந்து படியைப் பார்த்துவிட்டு
மறுபடி தட்டினார்.

எட்டு நாள் ஆகிறது.
மூன்று பாக்கெட் ஒன்றாகியிருக்கிறது, ஒன்று நிற்கவில்லை.
நேற்று கரண்ட் போனபோது
சார்ஜ் தீர்ந்த பேனாவைக் காதில் செருகிக்கொண்டு
தெருமுனைக் கடைக்குப் போனார்.
நான் பார்க்காததுபோல் காஜா அடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று துவைக்க எடுத்த சட்டையில்
புதுப் பொத்தல் ஒன்றே ஒன்று.

அவர் தூங்கினதும் அதைச் சார்ஜில் போடுவது என் வேலை.
போடும் முன்
கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கிறேன்,
சும்மா.