சனிக்கிழமைக் கை

துருவைப் பற்றிப் படிக்கத்தான்
எட்வின் சற்குணம் சிகாகோ போனார்.
காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில்
அவருக்கு இரண்டு மேசை தள்ளி என் தட்டச்சு.
பதினான்கு மாதம் கழித்துத் திரும்பினார்:
பாலங்களின் துரு பற்றி நூற்றுப்பத்துப் பக்கம்,
ஒரு கம்பளிக் கோட்டு,
ஏழு கேசட்.

பக்கங்களை நான் அடித்துக் கொடுத்தேன்.
(அறுபத்தோராம் பக்கம்: திறந்த இரும்பைவிட
மூடிய இடுக்குதான் சீக்கிரம் அரிக்கும்.)
கோட்டைப் பார்த்தாலே சித்திரையில் வேர்த்தது.
கேசட்டுகள் எங்கள் கோயில் கொயருக்கு.

செவ்வாய் ஒத்திகைகளில் அவர் சொன்ன சரித்திரம்
எனக்கு மனப்பாடம், வரிசைதான் மாறும்.
தெற்கிலிருந்து ரயிலேறி வந்தார்களாம்,
பருத்திக்காட்டை விட்டு,
செருப்புப் பெட்டியில் பொரித்த கோழி வைத்துக் கட்டி,
கசாப்புக் கூடங்களில் கூலிக்கு.
பெரிய கோயில்களில்
முன்னமே வந்துவிட்ட அவர்கள் சனமே உட்கார்ந்திருந்தது,
தாளைப் பார்த்துப் பாடிக்கொண்டு,
கையை மடியில் வைத்துக்கொண்டு.
பிந்தி வந்தவர்களுக்குக் காலிக் கடைகள்தான் கோயில்.
கண்ணாடியில் பழைய சோப்பு விளம்பரம் போகாமல் இருக்கும்,
உள்ளே அடிக்கிற கைத்தட்டு
எட்டுத் தெருவுக்குக் கேட்கும்.

ஒரு பியானோக்காரனைச் சொல்வார்.
சனி ராத்திரி சாராயக் கடையில் வாசிப்பவன்
ஞாயிறும் அதே பத்து விரலோடு வந்தான்.
'வலது கைக்கு ஞானஸ்நானம் ஆயிற்று,
இடது கை இன்னும் சனிக்கிழமையில் கிடக்கிறது'
என்று போதகர் வெளியே அனுப்பினாராம்.
எத்தனை கோயிலில் அப்படி?
சில செவ்வாய் ஏழு, சில செவ்வாய் பதினொன்று.
பிறகு எங்கோ ஒன்றில் கதவைச் சாத்தவில்லை.
அவ்வளவுதான், அதற்குப் பிறகு
அந்த ஊரில் யாராலும் சும்மா உட்கார்ந்து பாட முடியவில்லை.

நாங்கள் தலையாட்டினோம்.
சிகாகோ தூரம்.
தலை தாராளமாய் ஆடியது.

பின்வரிசையிலிருந்து ரூபாவதி கேட்டாள்:
'அப்ப எங்கண்ணன் அடிக்கிறது, சார்?'

அண்ணன் எலியேசர்.
கோவிலூர் ரோட்டில் எந்தச் சாவுக்கும் அவன் பறைதான்.
ஞானஸ்நானப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிறது,
அவன் பறைக்கு இல்லை.
அவன் ஆட்கள் காளையார்கோவில் பக்கமிருந்து வந்தவர்கள்,
கண்டனூர், பள்ளத்தூர் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைக்க.
அந்தச் சுவர்களில் முகம் பார்க்கலாம்.
அரைத்தவர்கள் பார்த்ததில்லை.

கமிட்டி கூடியது.
சற்குணம் பேசுவார் என்று எல்லோரும் பார்த்தோம்.
அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
நடவடிக்கைப் புத்தகம் என் பொறுப்பு:
'சாவுக்கு அடிப்பது ஆராதனைக்கு ஆகாது.'
வழிமொழிந்தது நான்.
அதையும் என் கையால் நானே எழுதினேன்,
கோடு தாண்டாமல்.

ஈஸ்டர். விடியற்காலை நாலரை.
ஆல்ட்டோவில் ரூபாவதி நின்ற இடம் காலி.
பாட்டு தொடங்குமுன் ஜன்னல் வழியே வைக்கோல் எரிகிற வாசனை.
யாரோ குப்பை கொளுத்துவதாக நினைத்தேன்.
பிறகு 'டங்' என்று ஒன்று. மறுபடி சூடு காட்டி, 'டண்'.
தோல் இறுகுகிறது.

கேட்டுக்கு வெளியே நின்றான்.
ரோடு நகராட்சியுடையது,
எங்கள் தீர்மானம் காம்பவுண்டுக்குள்தான்.
வலது கை அடிகுச்சி நேரம் சொல்ல,
இடது கைச் சுண்டுகுச்சி அதை மதிக்காமல்
நடுநடுவே ஓடி ஓடி வந்தது.
ஆர்மோனியம் தயங்கியது.
தயங்கின இடத்தில் சற்குணத்தின் கட்டைக்குரல்
அந்தப் பறைக்குள் இறங்கிவிட்டது.
எங்கள் கல்லறைப் பாட்டு,
ஐம்பது வருஷமாய் நடந்தே போனது, ஓடத் தொடங்கியது.
வாயை இறுக்கி வைத்திருந்தேன்.
காலை யார் கவனித்தார்கள்?
இடது கால், செருப்பில்லாத கால்,
தானாகத் தரையில் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த கூட்டத்தில்
அந்தத் தீர்மானத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள்.
வாசித்தேன்.
வழிமொழிந்தவர் பெயர் வந்தபோது இருமல் வந்தது.
தண்ணீர் கொடுத்தார்கள்.

'வைக்கோல் புகை' என்றேன்,
மூன்று வாரம் கழித்து.