கோழியின் பெயர்

பிரெஷோவ் நகர நூலகம். சிறுவர் பிரிவு.
மூன்று சனிக்கிழமைகள் முட்டி போட்டு
ஜனெட்டாவும் ரெனேயும் புரட்டியவை
நானூற்றுப் பன்னிரண்டு.
பேசும் நரி உண்டு,
கோபித்துக்கொள்ளும் தேநீர்க் கெண்டிகூட உண்டு.
ரோமா ஒரே ஒருவன்:
கக்கத்தில் கோழியை இடுக்கி ஓடுகிறான்.
முகமில்லை, முதுகுதான்.

"பழைய புத்தகம், பிள்ளைகளே" என்றார் நூலகர்.
முதல் தாளைத் திருப்பிக் காட்டினாள் ஜனெட்டா:
மறுபதிப்பு, போன வருஷம்.

அன்று அந்தப் பக்கத்தில்
பசை தடவாத ஒரு துண்டுச்சீட்டு:
"திருடவில்லை. அவன் வளர்த்த கோழி.
மழை வருகிறது, ஓடுகிறான்."

அடுத்த சனி
சீட்டு அங்கேயே இருந்தது.
அடியில், பென்சிலில், கோணல்மாணலாக
ஏதோ ஒரு பொடிசு:
"கோழிக்குப் பேர் என்ன?"

ரெனே பேனா மூடியைக் கடித்தான்.
அதை யோசிக்கவே இல்லை இருவரும்.
மூடும் மணி அடித்தது.
இரண்டாம் தடவையும் அடித்தது.