நிற்கும் நேரம்

அறுநூற்றைம்பது டிகிரி.
உலையின் கண்ணாடித் துளையில்
விரல் நீளக் கம்பி, மங்கிய சிவப்பு.
விநாடிக்கு ஓர் இழுப்பு, ஒரு விடுப்பு.

டர்பன், ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டை.
பெயிண்ட் ஆலைக்குப் பின்னால் எங்கள் தகரக் கூரை.
இரவுப் பணிக்கு நானும் நொம்புசோவும்.

இது வார்த்ததில்லை, அடித்து வளர்த்ததும் இல்லை.
நிக்கல் பொடியைக் கோலமாவு போலப் பரப்பி
லேசர் அதன்மேல் கோடிழுக்கும்,
பிறகு இன்னொரு பரப்பு, இன்னொரு கோடு,
ஆயிரத்து ஐந்நூறு அடுக்கு.
எங்கோ ஓர் அடுக்கில்
உருக மறந்த ஒரு பொட்டுப் பொடி.
விரிசலுக்கு வாசல் அது போதும்.

இதே தட்டில் பிறந்த இன்னொரு கம்பியை
சாதாரண அறைச் சூட்டில் இழுத்தோம்.
பத்து லட்சம் தாண்டியும் ஒடியவில்லை.
அலுத்துப்போய் நாங்களே நிறுத்தினோம்.

உலைக்குள் கதை வேறு.
அங்கே காற்றும் கூட்டுச் சேரும்.
உலோக மணிகளுக்கு நடுவே ஓடும் வரப்புகளில்
வாய்க்கால் வெட்டிக்கொண்டு உள்ளே போகும்.

செவ்வாய் இரவு பத்து மணி,
லோட் ஷெட்டிங், நிலை ஆறு.
பம்பு அந்த நொடியே செத்தது.
உலைக்கு அத்தனை சீக்கிரம் மறக்கத் தெரியாது;
செங்கல் சூட்டை இடுக்கிக்கொண்டிருந்தது.
நொம்புசோ ஃபோன் வெளிச்சத்தில்
சாண்ட்விச்சைப் பாதியாய்ப் பிய்த்துத் தந்தாள்.
"அதுவாவது ஓய்வெடுக்கட்டும்" என்றாள் கம்பியைக் காட்டி.
நானும் தலையாட்டினேன்.

ஓய்வு!

போன புனித வெள்ளி தம்பி விசாகன் தீமிதித்தான்.
ஊரே கைகூப்பியபோது
நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்:
பதினோரு எட்டு, எட்டுக்கு அரை விநாடி.
ஒரு கொப்புளம் இல்லை. அம்மன் அருள் என்றார்கள்.
இருக்கட்டும்.
ஆறாவது எட்டில் எதையோ நினைத்து
அவன் நின்றிருந்தால்?

அதைத்தான் இங்கே யாரும் கேட்பதில்லை.
எத்தனை சூடு என்கிறார்கள், எத்தனை இழுப்பு என்கிறார்கள்.
சூட்டில் சும்மா நின்றது எவ்வளவு நேரம்?

சனிக்கிழமை விடியலில் ஒடிந்தது.
மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நாற்பத்தேழு.
சத்தம் பெரிதில்லை,
சுண்டல் தட்டில் கரண்டி விழுந்த மாதிரி.

நுண்ணோக்கியில் முறிந்த முகம்:
அந்த உருகாத பொட்டைச் சுற்றி
வைக்கோல் நிறம், பிறகு செம்பு, ஊதா, கருநீலம்.
நடுநடுவே நான்கு கறுத்த வளையங்கள்.
நான்கு மின்வெட்டு.
நொம்புசோ குனிந்து பார்த்தாள்.
"அந்த அகல வளையம்?"
"செவ்வாய்."
"சாண்ட்விச் ராத்திரி" என்றாள், சிரிக்காமல்.

கெம்ப்டன் பார்க் வாடிக்கையாளருக்கு
ஓர் எண் மட்டும் வேண்டும், அட்டவணையில் நிரப்ப.
விதிப்படி இந்தச் சோதனை செல்லாது.
செல்லாது என்றே எழுதினேன்,
கோகிலாம்பாள் படையாட்சி என்று கையெழுத்தும் போட்டேன்.
பிறகு குறிப்புகள் என்ற கட்டத்தில்,
யாரும் படிக்காத அந்தக் கட்டத்தில்,
நான்கு வளையத்துக்கும்
தேதி, மணி, நிமிடம்.

அடுத்த கம்பியைப் பூட்டிவிட்டோம்.
உலை இப்போது நானூறில் ஏறிக்கொண்டிருக்கிறது.
இன்றைய வெட்டு இரண்டு மணிக்கு என்கிறார்கள்,
பன்னிரண்டுக்கே என்றும் சொல்கிறார்கள்.