ஒட்டாத தாள்கள்

லிமாவில் ஜூலை மாதம் மழை பெய்வதில்லை,
பெய்யாமலே நனைக்கும்.
கடலிலிருந்து ஏறிவரும் அந்தப் பொடித்தூறல்
சட்டையில் தெரியாது,
இருமலில் தெரியும்.

மருத்துவமனையின் ஆறாம் தளம், இன்னும் ஜன்னல் வராத கூடம்.
பூசாத சுவரில் ப்ளைவுட் அடித்து
ஆறு வாரத்தை ஒட்டி வைத்திருந்தோம்.
மஞ்சள் குழாய்க்காரர்களுக்கு, நீலம் மின்கம்பிக்கு,
ரோஜா நிறம் ஜிப்சம் பலகை அடிக்கும்
நெலிடாவின் ஆட்களுக்கு.
ஒரு தாள் ஒரு வாக்கு.
எழுதியவரே ஒட்ட வேண்டும், அதுதான் விதி.

என் வேலை கணினிக்குள்.
அங்கே இந்தக் கட்டடம் போன மார்ச்சிலேயே முடிந்துவிட்டது.
விளக்கெல்லாம் எரிகிறது.
கட்டில்களில் போர்வைகூட விரித்திருக்கிறேன்.
சுவரைச் சொடுக்கினால் தன் கனத்தைச் சொல்லும்,
கதவு தன் விலையை.
குழாய் உத்தரத்துக்குள் புகுந்தால்
இரண்டும் சிவந்து நிற்கும்,
கையும் களவுமாக.
முந்நூற்றுப் பன்னிரண்டு மோதல்கள்.
ஒவ்வொன்றாகத் தீர்த்தேன்,
ஒரு பிடி சிமெண்ட் சிந்தாமல்.
பெருமையாகத்தான் இருந்தது.

வில்பெர் கவானா, குழாய்ப் பிரிவின் மேஸ்திரி,
எதைக் கேட்டாலும்
"சி, இன்ஹெனியேரா."
வெள்ளிக்குள் முடியுமா? சி.
ஆள் இருக்கிறதா? சி.
வால்வு வந்ததா? சி, சி.
அடுத்த செவ்வாய் கணக்கெடுத்தால்
சொன்னதில் பாதி நடந்திருக்கும்.
காரணம் என்ற கட்டத்தில்
"பொருள் வரவில்லை" என்று நானே எழுதுவேன்,
அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்.
அவர் முடிக்காத இடத்தில்
பலகை அடிக்க வந்த நான்கு பேர்
கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்து
வறுத்த சோளம் கொறிப்பார்கள்.
காத்திருப்பும் கழிவு என்று பயிற்சியில் சொன்னார்கள்.
உடைந்த செங்கல்லைப் போல
அதை லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது.

அந்தச் செவ்வாய்
ஆறரை மணிக்கு மாடியேறிப் போனால்
சுவரில் ஒன்றுமில்லை.
இரவெல்லாம் ஈரம் குடித்த பசை
கையை விட்டிருந்தது.
ஆறு வாரம் தரையில் கிடந்தது
நிறம் நிறமாக, சில குப்புற.

போட்டோ எடுத்து வைத்தோமா என்றேன்.
இருந்தது. பாதியை வில்பெரின் தலை மறைத்தது.
நெலிடாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
குனிந்து தன் கையெழுத்தைத் தேடத் தொடங்கினாள்.
பிறகு எல்லோரும் முழங்காலில்,
மின்காரர், தெளிப்பான் பொருத்துபவர், லிஃப்ட் கம்பெனிப் பையன்,
சிந்திய சில்லறையைப் பொறுக்குவதுபோல்.

ஈரத் தாள்களை ஆணியில் குத்தினார்கள்.
வில்பெர் கையில் ஒன்பது.
எட்டைப் பழைய இடத்திலேயே மாட்டினார்.
ஒன்பதாவது,
மேற்குப் பிரிவின் ஆக்ஸிஜன் குழாய்.
அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
சுத்தியல் வைத்திருந்தவன் காத்திருந்தான்.

"நோ," என்றார்.

வால்வு கயாவோ சுங்கத்தில் கிடக்கிறது, இருபது நாளாக.
சொன்னால் என் ஆட்களைக் குறைத்துவிடுவீர்கள்.
அதனால் சொல்லவில்லை.
தாளை இரண்டு வாரம் தள்ளித்
தானே குத்தினார்.

யாரும் கைதட்டவில்லை.
நெலிடா தன் ரோஜாத் தாள்கள் நான்கைப் பிடுங்கிக்
கிழக்குப் பிரிவுக்கு மாற்றினாள், திட்டிக்கொண்டே.
திட்டியதில் எனக்கும் பங்கிருந்தது.

மாலையில் கணினியைத் திறந்தேன்.
என் மருத்துவமனையில் தூறல் இல்லை.
மேற்கில் ஆக்ஸிஜன் குழாய்
பச்சையாக, எதிலும் இடிக்காமல்
சுவரோடு போய்க்கொண்டிருந்தது.
வால்வைச் சொடுக்கினேன்.
எடை, விட்டம், தயாரிப்பு எண்
எல்லாம் சொன்னது,
எங்கே இருக்கிறேன் என்பதைத் தவிர.

காரணம் என்ற கட்டத்தில்
முதல்முறையாக
அவர் சொன்னதை அப்படியே தட்டினேன்.
நீளமாக இருந்தது.
கட்டம் போதவில்லை.