ஒத்திப் பிள்ளை

கொல்லம் ஆயிரத்துப் பதிமூன்றில் எழுதிய ஓலையில்
எருதுக்கும் புளியமரத்துக்கும் நடுவில் இருக்கிறான்:
"உடைச்சி மகன் பூலுடையான், பிராயம் நாலு,
ஒத்தி பன்னிரண்டு கலிப்பணம்."
மரத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு உண்டு, காய்ப்பது என்று.
பையனுக்கு அப்படி ஒன்றும் இல்லை.
வெள்ளத்தில் மடை அடைக்கப் போய்த் திரும்பாத தகப்பன்
இன்னொரு ஓலையில், இன்னொரு நயினார் வீட்டில்,
"குறைவு ஒன்று."

சட்டம் வந்தது ஆயிரத்துப் பதினெட்டு சித்திரையில்.
அரிகேசவநல்லூருக்கு அது வந்து சேர
இரண்டு பிசானம் ஆயிற்று.
தூத்துக்குடி உப்பு வண்டிக்காரன் ஒருவன்
மாட்டுக்கு லாடம் கழன்று நின்ற இடத்தில்
போட்டுவிட்டுப் போன செய்தி:
என் ஆள் என்று இனி யாரும்
கச்சேரியில் வழக்காட முடியாதாம்.
துரை காது கொடுக்க மாட்டாராம்.

"அப்பம் நாங்க போலாமா?"
"அதச் சொல்லல. புடிச்சுக் குடுக்க மாட்டோம்னுதான் சொல்லுதாவ."
"ஒத்திக்கு வச்ச பிள்ளைக்கும் அது உண்டுமா?"
அவன் லாடத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.
அவனுக்குத் தெரிந்தது உப்பு விலை.

பங்குனி அறுப்பு. பாதி வயலில்
அரிவாளை வரப்பில் குத்திவிட்டு உடைச்சி நிமிர்ந்தாள்.
இடுப்பு தானாக மறுபடி குனிந்தது.
இன்னொரு தரம் நிமிர்ந்தாள்.
"எங்கட்டி?" என்றான் காரியக்காரன்.
"முக்கூடலுக்கு."
அவன் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தான்,
எப்போதும் வாலாகப் பின்னால் வரும் அந்த 'நயினாரே'.
வரவில்லை.
அது தனியாகக் கழன்று விழக்கூடியது என்று
அதுவரை அவளுக்கும் தெரியாது.

துரத்தி வருவார்கள் என்று பதில் ஒன்று வைத்திருந்தாள்,
துரை, கச்சேரி எல்லாம் சேர்த்து,
வண்டிக்காரன் சொன்ன அதே ஏற்ற இறக்கத்தில்.
ஆறு வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.
அறுப்பு நாளில் ஒரு ஆளைப் பிடிக்க
இரண்டு ஆளை விட முடியாது, அவ்வளவுதான்.
பதில் வாய்க்குள்ளேயே கிடந்தது.

தெருவழி போனால் கிட்டத்தில்தான்.
தெரு அவளுக்கில்லை. சட்டம் அதைப் பேசவில்லை.
தாமிரபரணியில் முழங்கால் தண்ணீர்;
பாசி பிடித்த பாறையில் ஒருமுறை விழுந்து
சீலை நனைய எழுந்தாள்.

முக்கூடல்காரர் கணக்குச் சொன்னார்:
ஏழு வருஷம் தின்ற நெல், பதினாலு கோட்டை.
அவளும் விரலை மடக்கினாள்:
ஏழு வருஷம் மேய்த்த ஆடு, குட்டி, குட்டி போட்ட குட்டி.
விரல் தீர்ந்ததும் முதலிலிருந்து மடக்கினாள்.
ஓலை அவரிடம் இருந்தது.
அதைக் கொண்டுபோய்க் காட்டத்தான் இடமில்லை.
அந்தச் செய்தி அவருக்கு வந்திருந்தது,
அவளுக்கு முந்தியே.

பையன் தொழுவத்திலிருந்து வந்தான்.
தெரியாத பெண்ணைக் கண்டதும்
தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக் குனிந்து
"நாச்சியாரே" என்றான்.
உடைச்சி திரும்பிப் பார்த்தாள்,
தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று.

இராத்திரி ஆற்று மணலில்.
விடிந்தால் வேறூரில் அறுப்புக்குக் கேட்கலாம்,
கூலியை முதலில் பேசிக்கொண்டு.
கூலி எப்படிப் பேசுவது என்று தெரியாது.
வழியில் ஒருத்தி பழஞ்சட்டியில் ஊற்றிய கஞ்சி இருந்தது.
நடுவில் வைத்தாள். தன் பங்கைக் குடித்தாள்.
அவன் தொடவில்லை. கை கட்டி நின்றான்.
'தின்னு' என்ற சொல் பல்வரை வந்து நின்றது.
காரியக்காரன் குரலில் வந்தது அது.
முதுகைத் திருப்பிக்கொண்டு
தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

வெகுநேரம் ஆற்றுச் சத்தம் மட்டும்.
அப்புறம், சட்டிக்குள்
ஒரு கை போகிற சத்தம்.